தினசரி ஸாஸென்: எங்க மாட்டுது, எப்படி எடுத்து விடுறது

நான் பாக்குற வேலை கம்ப்யூட்டர் சப்போர்ட். காலைல இருந்து யாராவது ஒருத்தர் "ஒண்ணுமே வேலை செய்யல"ன்னு கூப்பிட்டுட்டே இருப்பாங்க, போய்ப் பாத்தா பாதி நேரம் பிளக்கே சரியா சொருகியிருக்காது. ஏழு வருஷமா ஸென் முறையில தினமும் தியானத்துக்கு உக்கார முயற்சி பண்ணி, விட்டு, திரும்பப் புடிச்சு, திரும்ப விட்டு, இப்ப ஒரு மாதிரி ஓடிட்டு இருக்கு. அந்த அனுபவத்துல சொல்றேன், இங்கயும் அதே கதைதான். "எனக்கு மனசே நிக்காது, இதெல்லாம் நமக்கு வராது"ங்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு மனசு நல்லாத்தான் இருக்கு. குஷன் உயரம் தப்பா இருக்கும், இல்லேன்னா தூக்கம் பத்தாது, இல்லேன்னா மொபைல் கைக்கெட்டுற தூரத்துல கிடக்கும்.

நான் குருவும் இல்ல, துறவியும் இல்ல. நானா உக்காந்து நானா முட்டிக்கிட்ட இடங்களத்தான் எழுதுறேன். உங்களுக்கு எது மாட்டுதோ அதுக்கு நேரா போய்ப் படிச்சுக்கங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல. ஆனா அடுத்து வர்ற பகுதிய மட்டும் ஒருதடவ பாத்துடுங்க, ஏன்னா நார்மல்னா என்னன்னு தெரியாம ரிப்பேர் பண்ண முடியாது.

சரியா ஓடுச்சுன்னா எப்படி இருக்கும்

ஸென்ங்கிற பேரே தியானங்கிற வார்த்தைதான், சீனாவுக்குப் போய் சான் ஆச்சு, அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் ஸென் ஆச்சு. உக்காந்து பண்றதுக்குப் பேரு ஸாஸென். வட்டமா கெட்டியா ஒரு குஷன் இருக்கும், அத ஸாஃபுன்னு சொல்லுவாங்க, வீட்ல இருக்குற போர்வைய இறுக்கமா மடிச்சு வெச்சாலும் போதும், நான் முதல் ஒன்றரை வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். குஷன் முழுசும் உக்காராம அதோட முன்பக்கம், மூணுல ஒரு பங்குல மட்டும் உக்காரணும். இடுப்பு முட்டிய விட உயரமா இருக்கணும், ரெண்டு முட்டியும் கீழ படணும். காது தோளுக்கு நேரா, மூக்கு தொப்புளுக்கு நேரா. இந்த அளவு 13ம் நூற்றாண்டுல ஜப்பான்ல டோகென்ங்கிற ஸென் குரு எழுதி வெச்சது, இன்னிக்கு வரைக்கும் அத விட சுருக்கமா யாரும் சொல்லல.

கண்ண மூடக்கூடாது. பாதி திறந்து, சுமார் ஒரு மீட்டர் தள்ளி தரையில பார்வைய சும்மா விட்டுடணும். ஸென்ல ஸோட்டோங்கிற பிரிவுல சுவரப் பாத்து உக்காருவாங்க, ரின்ஸாய்ங்கிற பிரிவுல அறையோட நடுப்பக்கம் பாத்து. வலது உள்ளங்கை மேல இடது கைய வெச்சு, கட்டைவிரல் நுனி ரெண்டும் லேசா தொட்டுக்கிட்டு இருக்கணும், நடுவுல ஒரு முட்டை வடிவம் வரும். இந்தக் கட்டைவிரல்தான் உங்க இண்டிகேட்டர் லைட். விரல் கீழ சரிஞ்சா தூக்கம் வருதுன்னு அர்த்தம், மேல முட்டிக்கிட்டு கூரை மாதிரி நின்னா எங்கயோ இறுக்கிப் புடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அப்பறம் மூச்ச ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணணும், பத்து வந்ததும் திரும்ப ஒண்ணு. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல.

"உக்கார நேரமே கிடைக்கல"

இதுதான் நம்பர் ஒன் கம்ப்ளைன்ட். இதுல நான் முதல்ல கேக்குறது, எந்த நேரத்துல உக்காரலாம்னு இருக்கீங்க? "நேரம் கிடைக்கும்போது"ன்னு பதில் வந்தா அதுதான் ஃபால்ட். நேரம் யாருக்கும் கிடைக்காது, சும்மா கிடக்குற நேரத்த மொபைல் வந்து அள்ளிட்டுப் போயிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ரெண்டு நாள் மட்டும் ஒரு பேப்பர்ல குறிச்சுப் பாருங்க, எந்திரிச்சதுல இருந்து வீட்ட விட்டுக் கிளம்புற வரைக்கும் என்னென்ன நடந்துச்சுன்னு. நான் குறிச்சப்ப பாத்ரூம் போறதுக்கு முன்னாடி கட்டில்ல உக்காந்துகிட்டே 22 நிமிஷம் ஸ்க்ரீன் பாத்திருக்கேன், அதுவும் என்ன பாத்தேன்னு சாயங்காலம் யோசிச்சா ஒண்ணுகூட ஞாபகம் இல்ல.

சரிபண்ற விதம் இதுதான். கடிகார நேரத்துல மாட்டாதீங்க, ஏற்கனவே தினமும் தவறாம நடக்குற ஒரு காரியத்தோட வாலுல கட்டுங்க. பல் விளக்கினதும், குளிச்சு முடிச்சதும், குழந்தைய ஸ்கூல் வண்டில ஏத்திவிட்டுத் திரும்பினதும், இப்படி. கடிகாரம் 5.30னு வெச்சா 5.40 ஆனதும் "சரி இன்னிக்குப் போச்சு"ன்னு மனசு சொல்லிடும், பல் விளக்குறத வெச்சா எத்தன மணிக்கு விளக்கினாலும் அதுக்குப் பின்னாடி உக்காந்துதான் ஆகணும். ஷிஃப்ட் வேலை பாக்குறவங்களுக்கு இது ஒண்ணுதான் வழி, வேற வழி இருக்குறதா எனக்குத் தெரியல.

ரெண்டாவது, நிமிஷத்தக் குறைங்க. ஸென் மடத்துல ஒரு ஊதுபத்தி எரியிற நேரம், சுமார் 40 நிமிஷம், ஒரு அமர்வு. அதப் படிச்சுட்டு நாமளும் 40 நிமிஷம்னு ஆரம்பிச்சா அது சுத்தமான ஆரம்ப சூரத்தனம், ஒன்பதாவது நாள் குஷன் பரண்ல போய்ச் சேந்துடும். அஞ்சு நிமிஷம் போதும். அஞ்சு நிமிஷம்னு சொல்றதுக்கே கேவலமா இருக்குன்னு தோணும், அந்தக் கேவலத்தத் தாங்கிக்கங்க, மூணு வாரம் போகட்டும்.

மூணாவது, குஷன் இருக்குற இடம். இது சின்ன விஷயம்தான், ஆனா எனக்கு நிஜமா வேலை செஞ்சது இதுதான். பீரோ மேல வெச்சிருந்தப்ப வாரத்துல ரெண்டு நாள் எடுத்திருந்தா அதிகம். அப்பறம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி குஷன எடுத்து பாத்ரூம் கதவுக்கு வெளிய சுவரோரமா போட்டு வெக்க ஆரம்பிச்சேன், காலைல பல் விளக்கிட்டு ஈரக்காலோட வெளிய வந்தா முதல்ல கால்ல தட்டுறது அதுதான், தாண்டிப் போகணும்னா காலத் தூக்கி வெச்சுத்தான் போகணும். தாண்டுறதுக்கு உக்காந்துடுறது சுலபம்.

"அலாரம் அடிக்குது, அமத்திட்டு திரும்பத் தூங்கிடுறேன்"

ரிப்பேர் காலைல இல்ல, முந்தின ராத்திரில இருக்கு. ஜப்பான்ல ஸென் மடங்கள்ல மூணு நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சிடுறாங்கன்னு நாம கேள்விப்படுறோம், அவங்க ஒன்பது மணி வாக்குல விளக்க அணைச்சிடுறாங்கங்கிறது மட்டும் காதுல விழறதே இல்ல. பன்னண்டரைக்குப் படுத்துட்டு அஞ்சுக்கு எந்திரிச்சு உக்காந்தா அது தியானமில்ல, உக்காந்த வாக்குல தூக்கம். படுக்கற நேரத்த முன்னாடி கொண்டு வர முடியலேன்னா காலைய விட்டுடுங்க, மதியம் சாப்பிடுறதுக்கு முன்னாடியோ ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியோ பாத்துக்கலாம். காலைல பண்ணாத்தான் பலன்னு ஒரு சட்டமும் இல்ல. மடங்கள்லயே சாயங்காலமும் ஒரு அமர்வு உண்டு.

"உக்காந்த மூணாவது நிமிஷம் தலை தொங்குது"

ஸென்ல இதுக்குத் தனியா பேரே வெச்சிருக்காங்க, கொன்சின், அதாவது மந்தமா மூழ்கிப் போறது. அந்தப் பக்கம் மனசு சிதறி ஓடுறது ஸன்ரான். உக்காருறவங்க எல்லாரும் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுறவங்கதான். போதிதர்மரே தூக்கம் வந்ததுன்னு கோவத்துல தன் இமைகள வெட்டிப் போட்டாரு, விழுந்த இடத்துல தேயிலைச் செடி முளைச்சதுன்னு ஒரு கதை இருக்கு. அவருக்கே அந்த நிலைமைன்னா நமக்கென்ன, வெக்கப்பட ஒண்ணுமில்ல. இமைய மட்டும் விட்டுடுங்க, டீ குடிச்சாப் போதும்.

சரி, செக் பண்ற வரிசை. முதல்ல கண்ணு மூடியிருக்கான்னு பாருங்க, பத்துக்கு ஆறு கேஸ் இதுலயே முடிஞ்சிடும், ஏன்னா மத்த தியான முறைகள்ல கண்ண மூடிப் பழகினவங்க இதுலயும் மூடிடுவாங்க. அடுத்து தாடை, மோவாய் மேல தூக்கியிருந்தா உள்ள இழுங்க, பின் கழுத்து நீளணும். கூன் விழுந்திருந்தா நிமித்துங்க. ரெண்டு மூணு மூச்சு கொஞ்சம் ஆழமா விடுங்க. அப்பவும் அடங்கலேன்னா எந்திரிச்சு நின்னு நடங்க, இதுவும் முறையில உள்ளதுதான், கின்ஹின்னு பேரு. ஒரு கை முஷ்டிய நெஞ்சுக்கு நேரா வெச்சு இன்னொரு கையால மூடிக்கிட்டு, ஸோட்டோ முறையில ஒரு மூச்சுக்கு அரை அடி மட்டும் எடுத்து வெப்பாங்க, ரின்ஸாய்ல கொஞ்சம் வேகமாவே நடப்பாங்க, தூக்கத்துக்கு அந்த வேகம்தான் சரி.

இதெல்லாம் பண்ணியும் ஒரு வாரம் தொடர்ந்து தூங்கி விழுந்தா, உங்களுக்கு வேண்டியது தியானமில்ல, தூக்கம். ஒரு ஞாயித்துக்கெழம நல்லாத் தூங்கி எந்திரிச்சு உக்காந்து பாருங்க, அன்னிக்கு தூக்கம் வரலேன்னா டயக்னோசிஸ் முடிஞ்சுது.

மடங்கள்ல தூங்குறவங்க தோள்ல கியோஸாக்குன்னு ஒரு தட்டையான கட்டையால அடிப்பாங்க, நிறைய இடத்துல அடி வேணும்னு நாமளே கைகூப்பிக் கேட்டாத்தான் அடிப்பாங்க. வீட்ல இத முயற்சி பண்ணாதீங்க, அடிக்கறதுக்கு சந்தோஷமா முன்வர்றவங்க வீட்லயே இருப்பாங்க.

"கால் மரத்துப் போகுது, முட்டி வலிக்குது"

இது ரெண்டும் ஒண்ணு இல்ல, தயவுசெஞ்சு பிரிச்சுப் பாருங்க.

மரத்துப் போறது பெரும்பாலும் நரம்பு அமுங்குறதால. தொடைக்கு அடியிலயோ முட்டிக்கு வெளிப்பக்கமோ நரம்பு நசுங்குது, எந்திரிச்சு கொஞ்ச நேரத்துல சரியாயிடும். குஷன்ல ரொம்ப உள்ள தள்ளி உக்காந்தா குஷனோட விளிம்பு தொடைய அமுக்கும், அதான் முன்பக்கமா உக்காருங்கன்னு சொன்னது. இன்னும் ஒரு மடிப்பு போர்வை போட்டு உயரத்தக் கூட்டுங்க. சம்மணத்துல ஒரு கால் மேல ஒரு கால் ஏறாம ரெண்டு காலையும் முன்னப்பின்ன தரையிலயே படுக்க வெக்கலாம், பர்மிய முறைன்னு சொல்லுவாங்க, எனக்கு இதுதான் ஒத்து வந்தது. மரத்த காலோட டக்குனு எந்திரிக்கக் கூடாது. நான் ஒருதடவ போன் அடிக்குதுன்னு துள்ளி எந்திரிச்சேன், இடது பாதம் எங்க இருக்குன்னே தெரியல, பாதத்தோட மேல்பக்கம் தரையில மடங்கி அது மேலயே மொத்த எடையும் எறங்கி, கணுக்கால் வீங்கி ரெண்டு வாரம் நொண்டினேன். போன்ல வந்தது லோன் வேணுமான்னு கேக்குற கால். இப்பல்லாம் டைமர் அடிச்சதும் உடம்ப இடமும் வலமுமா மெதுவா ஆட்டிட்டு, கைய ஊனி காலப் பிரிச்சு, விரல நீவிவிட்டு, கூச்சம் அடங்கின பின்னாடிதான் நிக்கிறேன். மணிக்கணக்கா உணர்ச்சி திரும்பலேன்னா, பாதத்தத் தூக்க முடியலேன்னா டாக்டர்கிட்ட போங்க, அத சகிச்சுக்கறதுல பெருமை ஒண்ணுமில்ல.

முட்டி வலி வேற ஜாதி. முட்டி கதவுக் கீல் மாதிரி, முன்ன பின்ன மடங்கும், பக்கவாட்டுல பெருசா திருக முடியாது. பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டுல இருந்துதான் வரணும், இடுப்பு தொறக்காதவங்க பாதத்தப் புடிச்சு இழுத்து தொடை மேல ஏத்தினா அந்தத் திருகல் முழுக்க முட்டிக்குள்ள போய் உள்ள இருக்குற ஜவ்வுல உக்காரும். முட்டிக்குள்ள சுருக்குனு குத்தினா அந்த நிமிஷமே பிரிச்சுடுங்க, "வலியக் கவனி"ங்கிற அட்வைஸ் முட்டிக்கு செல்லாது. வஜ்ராசனம் மாதிரி முட்டி போட்டு நடுவுல குஷன செருகிக்கலாம், ஜப்பான்ல ஸேஸான்னு சொல்றது இதேதான். அதுவும் முடியலேன்னா நாற்காலி. சாயாம முன்னாடி தள்ளி உக்காந்து, பாதம் ரெண்டும் தரையில, அவ்ளோதான். நாற்காலில உக்காந்தா அது ஸாஸென் இல்லேன்னு யாராவது சொன்னா அவங்களுக்கு இன்னும் வயசாகலன்னு அர்த்தம்.

முதுகு வலி

இதுக்கு ரொம்ப எழுத வேண்டியதில்ல. ராணுவத்துல நிக்கிற மாதிரி நெஞ்ச நிமித்தி வெக்கிறீங்க, இல்லேன்னா குஷன் தாழ்வா இருந்து இடுப்பு பின்னாடி சரியுது. உயரத்தக் கூட்டுங்க, உச்சந்தலையில ஒரு நூலக் கட்டி மேல இழுக்குற மாதிரி வெச்சுக்கிட்டு தோளக் கீழ விடுங்க. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கறவங்களுக்கு முதல் மாசம் தோள்பட்டை நடுவுல கொஞ்சம் வலிக்கும், அது பழகாத சதை வேலை செய்யறது.

"மனசு ஒரு நிமிஷம்கூட நிக்கல"

இந்தக் கம்ப்ளைன்ட் டிக்கெட்ட நான் "பிரச்சனை இல்லை"ன்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுவேன். கோவப்படாதீங்க, விளக்குறேன்.

மனசு எங்கயோ போயிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? திரும்பி வந்ததால தெரிஞ்சுது. அந்தத் திரும்பி வர்றதுதான் பயிற்சியே. பத்து நிமிஷத்துல நாப்பது தடவ போய் நாப்பது தடவ வந்தீங்கன்னா நாப்பது தடவ பயிற்சி பண்ணியிருக்கீங்க, ஒருதடவகூட போகாம இருந்தேன்னு யாராவது சொன்னா அவங்க பெரும்பாலும் போனதே தெரியாம போயிட்டு வந்திருப்பாங்க. எண்ணிக்கைய வெச்சே கண்டுபிடிக்கலாம், எனக்கு ஒருநாள் திடீர்னு பாத்தா 37ன்னு எண்ணிட்டு இருக்கேன், பத்துல நிக்க வேண்டிய வண்டி மூணு ஸ்டேஷன் தாண்டிப் போயிருக்கு, எண்ணுறது வாய்ப்பாடு மாதிரி அதுபாட்டுக்கு ஓடுது, உள்ள நான் எங்க மேனேஜருக்கு பதில் மெயில் டிராஃப்ட் பண்ணிட்டு இருக்கேன். அப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "ஒண்ணு"ன்னு திரும்ப ஆரம்பிக்கறது. தன்னத்தானே திட்டாம ஆரம்பிக்கறது. திட்டுறதும் இன்னொரு நினைப்புதான், அதுக்குப் பின்னாடி போனா இன்னொரு மூணு ஸ்டேஷன்.

ஆனா உண்மையிலயே சரிபண்ணக்கூடிய ஒரு ரகம் இருக்கு, அது செய்ய வேண்டிய வேலைங்க வரிசையா ஞாபகம் வர்றது. கேஸ் புக் பண்ணணும், ஃபீஸ் கட்டணும், அவருக்குப் போன் பண்ணணும்னு. மறந்துடுவோமோங்கிற பயத்துல மனசு அத விடாமப் புடிச்சு வெச்சுக்கும். உக்காருறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்கி ஒரு துண்டுப் பேப்பர்ல எல்லாத்தையும் எழுதிடுங்க, மொபைல்ல இல்ல, பேப்பர்ல, மொபைல எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எழுதின பேப்பர குஷனுக்கு அடியில வெச்சு அது மேலயே உக்காந்துக்கங்க. சிரிப்பா இருக்கலாம், ஆனா "அது பத்திரமா இருக்கு"ன்னு உடம்புக்குத் தெரிஞ்சா மனசு கொஞ்சம் விட்டுக்கொடுக்குது.

எண்ணுறது நல்லாப் பழகின பின்னாடி எண்ணிக்கைய விட்டுட்டு வெறும் மூச்சோட இருக்கலாம், அதையும் விட்டுட்டு வெறுமனே உக்காந்திருக்கறது ஷிகான்தாஸா. புரியாத பேரா இருக்கு, தமிழ்ல சொன்னா சும்மா இருக்கறது. அவசரப்பட வேண்டாம், நான் இன்னும் பாதி நாள் எண்ணிட்டுத்தான் இருக்கேன்.

"எப்ப முடியும்னு டைமரையே பாத்துட்டு இருக்கேன்"

டைமர முதுகுக்குப் பின்னாடி வைங்க. அவ்ளோதான். மொபைல்லதான் டைமர்னா ஏரோப்ளேன் மோட்ல போட்டுட்டு கவுத்து வைங்க, இன்னும் நல்லது ஒரு சாதாரண சமையல் டைமர். ஊதுபத்தி கொளுத்தி அது அணையற வரைக்கும் உக்காருறதுதான் பழைய வழி, அதுல எத்தன நிமிஷம் பாக்கின்னு பாக்க முடியாது, வாசனை நிக்கிறது மட்டும் தெரியும்.

"வீட்ல சத்தம், குழந்தை மேல ஏறுது"

அமைதியான அறை இருந்தாத்தான் உக்காருவேன்னா பசங்க காலேஜ் போற வரைக்கும் காத்திருக்கணும். சத்தத்த வெளிய தள்ளப் பாக்காதீங்க, வண்டிச் சத்தம் வந்தா வண்டிச் சத்தம், பக்கத்து வீட்டு டிவி வந்தா டிவி, அது என்ன சீரியல்னு யோசிக்க ஆரம்பிக்கற இடத்துல மட்டும் திரும்பி ஒண்ணுக்கு வாங்க.

வீட்ல இருக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுறது முக்கியம். நான் சொல்லாம ஆரம்பிச்சேன், எங்கம்மா ஒரு வாரம் பாத்துட்டு என் மனைவிகிட்ட மெதுவா "ஏம்மா, அவனுக்கு வேலைல ஏதாச்சும் பிரச்சனையா, செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கான்"னு கேட்டிருக்காங்க. போதிதர்மர் ஒன்பது வருஷம் செவுத்தப் பாத்தாருன்னு சொல்லிப் பாத்தேன், அம்மா முகத்துல கவலை கூடிப் போச்சு. அப்பறம் "பத்து நிமிஷம் ரெஸ்ட்டும்மா, ஸ்க்ரீன் பாத்து கண்ணு வலிக்குது"ன்னு சொன்னேன், அது பொய்யும் இல்ல, ஏத்துக்கிட்டாங்க.

குழந்தை விஷயத்துல என் பொண்ணு அஞ்சு வயசுல ஒருநாள் வந்து முகத்துக்கு நேரா குனிஞ்சு பாத்தா.

"அப்பா, தூங்குறியா?"

"இல்லடா."

"கண்ணு பாதிதான் தொறந்திருக்கு."

"சும்மா உக்காந்திருக்கேன்டா."

"நானும் சும்மாத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டு மடில ஏறி உக்காந்துட்டா. முட்டை வடிவமா கைய வெச்சிருந்தேன்ல, அந்த ஓட்டைக்குள்ள விரல விட்டு ஆட்டிட்டே இருந்தா. எறக்கி விட்டா அழுவா, அழுதா எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க, அதனால அப்படியே எண்ணிட்டு இருந்தேன், அவ எடையும் சூடும் தலைமுடியில எண்ணெய் வாசனையும் எல்லாம் சேத்துத்தான் அன்னிக்கு அமர்வு. நான் பண்ணதுலயே மனசு அலையாத அஞ்சு நிமிஷம் அதுவாத்தான் இருக்கும்.

"நாலு நாள் விட்டுப் போச்சு, திரும்ப ஆரம்பிக்கவே முடியல"

ஊருக்குப் போனோம், காய்ச்சல் வந்துச்சு, ரிலீஸ் வாரம், காரணம் எதுவா வேணா இருக்கட்டும். இங்க உடையறது பழக்கம் இல்ல, கணக்கு. ஆப்ல 41 நாள் தொடர்ச்சின்னு காட்டிட்டு இருந்தது பூஜ்யம் ஆனதும் எல்லாமே போன மாதிரி இருக்கும். அந்த ஆப்ப எடுத்துடுங்க. லண்டன்ல யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வெச்சு பழக்கம் எப்படிப் படியுதுன்னு பாத்த ஒரு ஆய்வு 2009ல வந்துச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசப்பட்டுச்சு, நடுவாந்தரமா 66 நாள். நமக்கு வேண்டிய சேதி அதுல இன்னொண்ணு இருக்கு, நடுவுல ஒருநாள் விட்டுப் போனா பழக்கம் படியறதுல பெருசா ஒண்ணும் கெடல. அதனால 21 நாள் சபதம் மாதிரி எதையும் எடுக்காதீங்க.

திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட இடத்துல இருந்து புடிக்காதீங்க. இருபது நிமிஷம் உக்காந்தவரா இருந்தாலும் முதல் நாள் பத்து மூச்சு, ஒரே ஒரு சுத்து, எந்திரிச்சுப் போயிடுங்க. விட்டுப்போன நாளுக்கு ஈடுகட்ட ஒரே நாள்ல ஒரு மணி நேரம் உக்காருறது மட்டும் வேண்டவே வேண்டாம், நான் பண்ணிப் பாத்தேன், அடுத்த நாள் குஷனப் பாத்தாலே அலர்ஜியா இருந்துச்சு.

"குஷன்ல நல்லாத்தான் இருக்கு, ஆபீஸ் போனா பழையபடி எரிஞ்சு விழறேன்"

எனக்குப் புடிச்ச கேஸ் இது. காலைல 15 நிமிஷம் தனி, மீதி நாள் தனின்னு ரெண்டா வெச்சிருக்கோம், நடுவுல கேபிள் இல்ல.

1223ல டோகென் கப்பல்ல சீனாவுக்குப் போய் துறைமுகத்துல நிக்கிறாரு, இளம் வயசு, 23. அங்க ஒரு மடத்துச் சமையல்காரர், 60 தாண்டினவர், ஜப்பான் கப்பல்ல காளான் வாங்க அத்தன தூரம் நடந்து வர்றாரு. டோகென் "இருந்துட்டுப் போங்க, பேசலாம்"ங்கிறாரு, அவர் "நாளைக்குச் சமையல் இருக்கு, போகணும்"ங்கிறாரு. "இந்த வயசுல தியானம் பண்ணாம எதுக்கு இந்த சமையல் வேலை, வேற ஆள் பாக்க மாட்டாங்களா"ன்னு கேட்டதுக்கு அந்தப் பெரியவர் சிரிச்சுட்டாரு, உங்களுக்கு இன்னும் பயிற்சின்னா என்னன்னு புரியல தம்பிங்கிற மாதிரி சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. டோகென் அத மறக்கல, பின்னாடி 1237ல மடத்துச் சமையல்காரருக்குன்னே தனியா ஒரு கையேடு எழுதினாரு, அரிசில கல் பொறுக்குறது வரைக்கும் அதுல இருக்கு. மடங்கள்ல கூட்டுறது, பெருக்குறது, தோட்ட வேலை எல்லாத்துக்கும் ஸாமுன்னு பேரு, அது தியானத்துக்கு இடைவேளை கிடையாது.

நம்ம வீட்டுக்கு இத எப்படிக் கொண்டு வர்றது? எல்லா வேலையையும் கவனமாப் பண்றேன்னு கிளம்பினா மத்தியானத்துக்குள்ள மறந்துடும். ஒரே ஒரு வேலைய எடுத்துக்கங்க. நான் எடுத்தது ராத்திரி பாத்திரம் கழுவறது. காதுல எதையும் மாட்டிக்காம, ஒரு டம்ளர எடுத்தா அந்த டம்ளர் மட்டும், விளிம்புல விரல ஓட்டும்போது வழுக்குறது சோப்பு போகலன்னு, கீச்சுன்னு சத்தம் வந்தா போயிடுச்சுன்னு, அடுத்த டம்ளர். சாப்பிட்டேன், இப்ப எனக்கு உபதேசம் பண்ணுங்கன்னு வந்து நின்ன சீடன்கிட்ட ஜாவ்ஜோங்கிற சீன ஸென் குரு "அப்ப போய் கிண்ணத்தக் கழுவு"ன்னு சொன்னதா ஒரு கதை உண்டு, அத நான் ரொம்ப நாள் ஏதோ பெரிய தத்துவம்னு நெனச்சிட்டு இருந்தேன், கழுவ ஆரம்பிச்ச அப்பறம்தான் அவர் கிண்ணத்தத்தான் சொல்லியிருக்காருன்னு தோணுச்சு.

ஆபீஸ்ல எரிஞ்சு விழறதுக்கு நேரடி மருந்து ஒண்ணு. போன் அடிச்சா உடனே எடுக்காம ஒரு மூச்சு முழுசா வெளிய விட்டுட்டு எடுங்க. மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி கை மவுஸ்ல இருக்கும்போதே ஒரு மூச்சு. மீட்டிங் ரூமுக்கு நடக்கும்போது கின்ஹின் வேகம் வேண்டாம், பாக்குறவங்க பயந்துடுவாங்க, சாதாரணமா நடந்துகிட்டே பாதம் தரையில படறத மட்டும் பாருங்க. எனக்கு எரிச்சல் வர்றது நிக்கல, வருதுன்னு தெரியற நேரம் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கு, முன்னல்லாம் கத்தி முடிச்ச அப்பறம் தெரியும், இப்ப வாய் தொறக்கும்போது தெரியுது.

"ஆறு மாசமாச்சு, ஒரு பலனும் தெரியல"

பழைய ஸென் கதை ஒண்ணு. மாஸுன்னு ஒரு சீடர் விடாம உக்காந்துகிட்டே இருக்காரு. அவர் குரு நான்யுவே ஒரு கூரை ஓட்ட எடுத்து கல்லுல தேய்க்க ஆரம்பிச்சாரு. என்ன பண்றீங்கன்னு கேட்டா, கண்ணாடி செய்யறேன்னாரு. ஓட்டத் தேய்ச்சா கண்ணாடி ஆகுமான்னா, நீ உக்காந்து உக்காந்து புத்தர் ஆக முடியும்னா இதுவும் ஆகும்னாரு. அதோட நிறுத்தல, "வண்டி நகரலேன்னா வண்டிய அடிப்பியா, மாட்ட அடிப்பியா?"ன்னு ஒரு கேள்வியும் போட்டாரு.

ஆறு மாசத்துல என்ன வரணும்னு எதிர்பாத்தீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எனக்கு எழுதினப்ப "டென்ஷன் இல்லாத ஆள்"னு வந்துச்சு, அப்படி ஒரு ஆள நான் எங்கயும் பாத்ததே இல்ல. உக்காந்திருக்கும்போது இன்னிக்கு நல்லா இருந்துச்சு, நேத்து மோசம்னு மார்க் போடறத நிறுத்திட்டுப் பாருங்க. உண்மையிலயே மாறியிருக்கான்னு தெரியணும்னா உங்களக் கேக்காதீங்க, வீட்ல கேளுங்க. என் மனைவி சொன்னது, "கதவ மெதுவா சாத்துறீங்க இப்பல்லாம்." எனக்கு அது தெரியவே தெரியாது.

வினோதமா ஏதாச்சும் தெரியுது, இல்லேன்னா பயமா இருக்கு

சுவர்ல உருவம் அசையிற மாதிரி, வெளிச்சம், உடம்பு மிதக்கிற மாதிரி, கை ரொம்பப் பெருசான மாதிரி, இதெல்லாம் சிலருக்கு வரும். மாக்யோன்னு பேரு. ஞானம் வந்துடுச்சுன்னும் நெனக்காதீங்க, பைத்தியம் புடிச்சிடுச்சுன்னும் நெனக்காதீங்க. கண்ண நல்லாத் தொறந்து, முதுக நிமித்தி, ஒண்ணுல இருந்து எண்ணுங்க, போயிடும்.

ஆனா உக்காந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டுற மாதிரி வந்தா, பழைய கொடுமையான சம்பவம் ஏதாவது திரும்பத் திரும்ப வந்து நின்னா, நாள் முழுக்க எதுலயும் ஒட்டாம எல்லாம் கனவு மாதிரி இருந்தா, உக்காருறத நிறுத்திடுங்க. பல்லக் கடிச்சுட்டுத் தாண்டுற விஷயம் இல்ல இது. மனநல டாக்டரப் பாருங்க, தியானம் பண்றேங்கிறதையும் அவர்கிட்ட சொல்லுங்க. மருந்து எடுத்துட்டு இருக்கறவங்க தியானம் இருக்குன்னு மருந்த நீங்களா நிறுத்தக் கூடாது.

"எல்லாம் நல்லா ஓடுது, இப்ப என்ன பண்றது?"

ஓடுற மெஷின நோண்டாதீங்க. கூட்டணும்னு தோணினா அஞ்சு நிமிஷம் கூட்டுங்க, ஒரு மாசம் அதுலயே இருங்க, 25 நிமிஷத்துக்கு மேல போனா நடுவுல கின்ஹின் ஒரு சுத்து வைங்க, காலுக்கும் நல்லது. உங்க பக்கத்துல சேந்து உக்காருற குழு ஏதாவது இருந்தா மாசத்துல ஒருநாள் போங்க, பத்துப் பேரோட உக்காந்தா நடுவுல எந்திரிச்சு ஓட முடியாது, அதோட உங்க முதுகு எந்தப் பக்கம் சாயுதுன்னு இன்னொருத்தர் பாத்துச் சொல்லுவாங்க. நான் ரெண்டு வருஷம் நேரா உக்காந்திருக்கேன்னு நெனச்சுட்டு வலது பக்கம் சாஞ்சு உக்காந்திருந்தேன், ஒரு அம்மா வந்து தோளத் தொட்டு நேரா வெச்சாங்க, அன்னிக்கு முழுக்க இடது பக்கம் விழப்போற மாதிரியே இருந்துச்சு.